திருநீற்றுப் புதனுக்கு முந்தைய பத்து நாள்



கரீபியக் கார்னிவல் பற்றி நாம் வெளியிட்ட படக்கட்டுரைக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன. நேரில் போய்ப் பார்க்க என்ன வழி? எப்போது கிளம்ப வேண்டும்? எவ்வளவு ஆகும்? அவற்றில் ஒரு கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியது. "இறகு கட்டி ஆடுகிறவர்களைத் தொலைக்காட்சியிலேயே பார்த்துவிட்டேன். அந்த இறகெல்லாம் வருவதற்கு முன்னால் அங்கே என்ன வேஷம் கட்டினார்கள், அது இன்னும் மிச்சம் இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

மிச்சம் இருக்கிறது, அம்மா. நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது பெரிய மேடைக்கு அவ்வளவாக வருவதில்லை. விடியற்காலைத் தெருவிலும் மலைக் கிராமத்திலும் திறந்தவெளிக் கொட்டகைகளிலும் நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் பயணத் திட்டத்தையே வேறு மாதிரி போட வேண்டியிருக்கும்.

எந்தத் தீவுக்குப் போவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. முதல் தடவை போகிறவர்கள் டிரினிடாடுக்குப் போக வேண்டும். லண்டன் நாட்டிங் ஹில், டொரன்டோ, நியூயார்க்கின் புரூக்லின் என்று வெளிநாடுகளில் நடக்கும் கரீபியக் கார்னிவல்களுக்கெல்லாம் முன்மாதிரி அதுதான். கலிப்சோ இசை அங்கே வளர்ந்தது. சோக்கா இசையும் ஸ்டீல்பேன் வாத்தியமும் அங்கே பிறந்தவை. வெனிசுவேலா கரையை ஒட்டிக் கிடக்கும், சுமார் 14 லட்சம் பேர் வாழும் ஒரு சின்ன நாடு இத்தனையையும் உலகத்துக்குக் கொடுத்திருக்கிறது.

கார்னிவல் என்பது திங்கள், செவ்வாய் இரண்டே நாள். மறுநாள் திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். ஈஸ்டரை ஒட்டித் தேதி ஆண்டுதோறும் நகரும். 2027-இல் பிப்ரவரி 8, 9. 2028-இல் பிப்ரவரி 28, 29. அரசு விடுமுறைப் பட்டியலில் அந்த இரண்டு நாளும் இல்லை. ஆனாலும் கடைகளும் அலுவலகங்களும் பெரும்பாலும் அடைத்துத்தான் கிடக்கும். சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் விற்கும் பயணங்கள் வெள்ளிக்கிழமை இறங்கி புதனோ வியாழனோ விமானம் ஏறும்படி இருக்கின்றன. என் யோசனை வேறு. திருநீற்றுப் புதனுக்குப் பத்து நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். வேஷம் தைப்பதையும், கம்பி வளைப்பதையும், மேளம் சுருதி கூட்டுவதையும், நூறு பேர் ஒரே பாட்டை இரவெல்லாம் சாதகம் செய்வதையும் பார்த்துவிட்டு அந்த இரண்டு நாளுக்கு வந்தால், தெருவில் போகும் ஒவ்வொரு உருவத்தையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

டிக்கெட்டுக்கு முன்னால் ஓர் ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள் காய்ச்சல் பரவக்கூடிய இடங்களின் பட்டியலில் இந்திய அரசு டிரினிடாட் தீவையும் வைத்திருக்கிறது. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி உண்டு. போட்டுக்கொண்டு பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்களும், முட்டை ஒவ்வாதவர்களும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கட்டாயம் மருத்துவரைக் கேட்டுவிட்டே முடிவு செய்ய வேண்டும். எழுதிக் கேட்டவர்களில் பலர் பணி ஓய்வு பெற்றவர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

நம் ஊரிலிருந்து நேர் விமானம் கிடையாது. லண்டன், ஆம்ஸ்டர்டாம், நியூயார்க், டொரன்டோ, பனாமா என்று பல வழிகள் இருக்கின்றன. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். மற்ற ஊர்களுக்கும் டிரினிடாடுக்கும் உள்ள விசா விதிகளை அந்தந்தத் தூதரகத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று கிளம்ப வேண்டாம். தங்குமிடத்தை நவராத்திரிக்குள் பிடித்துவிடுவது நல்லது. கார்னிவல் வாரத்தில் வாடகை பல மடங்கு ஏறும். ஐந்து இரவுக்குக் குறைந்து அறை தர மாட்டோம் என்று சொல்லும் விடுதிகள் நிறைய. தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வுட்புரூக், செயின்ட் ஜேம்ஸ் பகுதிகளில் வீட்டோடு சேர்ந்த சிறு விடுதிகள் இருக்கின்றன. அங்கிருந்து பல இடங்களுக்கு நடந்தே போகலாம்.

இனி, ஆசிரியை அம்மா கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

1783-இல் ஸ்பெயின் மன்னர், கத்தோலிக்கர்களாக இருந்தால் டிரினிடாடில் வந்து நிலம் பெற்றுக் குடியேறலாம் என்று ஆணையிட்டார். பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளோடு வந்து குவிந்தார்கள். தவக்காலத்துக்கு முன்னால் முகமூடி நடனங்களும் விருந்துகளுமாக மாளிகைகளில் கொண்டாடினார்கள். ஆப்பிரிக்க அடிமைகளுக்கு அதில் இடமில்லை. 1838-இல் முழு விடுதலை கிடைத்ததும் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அடிமைக் காலத்தில் கரும்புக் காட்டில் தீப்பிடித்தால் முதலாளிகள் நள்ளிரவில் சங்கொலி எழுப்பி, சாட்டையடித்து, பக்கத்துத் தோட்டத்து அடிமைகளையும் விரட்டிக்கொண்டு வந்து கரும்பை வெட்டவைப்பார்கள். அந்தக் கொடுமையையே அவர்கள் தீப்பந்தமும் முரசும் கம்புச் சண்டையுமாக நடித்துக் காட்டினார்கள். கேன்புலே என்ற அந்த ஊர்வலம் கார்னிவலின் தொடக்கமானது.

பிரிட்டிஷ் அரசுக்கு அது பிடிக்கவில்லை. 1881-இல் காவல்துறைத் தலைவர் கேப்டன் பேக்கர் தன் ஆட்களோடு போய்த் தீப்பந்தங்களைப் பறிக்கப் பார்த்தார். மக்கள் கம்போடு எதிர்த்து நின்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் முரசுக்கும் தீப்பந்தத்துக்கும் தடை வந்தது. முரசு போனதும் வெவ்வேறு நீளத்தில் மூங்கிலை நறுக்கித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் டின், குப்பைத் தொட்டி மூடி, காரின் பிரேக் டிரம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தட்டினார்கள். 1930-களின் கடைசியிலும் 40-களிலும், அடிபட்டுக் குழிந்த தகரம் இடத்துக்கு இடம் வேறு சுரம் கொடுப்பதைக் கவனித்த இளைஞர்கள், எண்ணெய் பீப்பாயிலிருந்து ஸ்டீல்பேனை உருவாக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். போலீஸ் தேடிய பையன்களும் அதில் உண்டு. நாட்டின் அரசுச் சின்னத்தில் இருந்த கொலம்பஸின் மூன்று கப்பல்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்டீல்பேனை வைக்க 2025-இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே உங்கள் பயணத்தின் முதல் வாரம் பேன்யார்டுகளில் கழியட்டும். ஸ்டீல்பேன் குழுக்கள் சாதகம் செய்யும் திறந்த முற்றத்துக்குத்தான் அந்தப் பெயர். டியூக் தெருவில் ஆல் ஸ்டார்ஸ், சார்லட் தெருவில் ரெனிகேட்ஸ், வுட்புரூக்கில் ஃபேஸ் டூ என்று நகரெங்கும் இருக்கின்றன. சாயங்காலம் போனால் உள்ளே விட்டுவிடுவார்கள், பெரும்பாலும் காசு கேட்பதில்லை. சக்கரம் வைத்த இரும்புச் சட்டங்களில் பேன்களை வரிசை வரிசையாக மாட்டியிருப்பார்கள். முன்வரிசையில் ஒற்றைப் பீப்பாயில் ராகத்தைத் தூக்கிப்போகும் டெனர். பின்னால், ஆளைச் சுற்றி முழுப் பீப்பாய்களாக நிற்கும் பேஸ். நடுவில் பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் தட்டிக் காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு எஞ்சின் ரூம் என்று பெயர்.

நான் போயிருந்த இரவில் இசையமைப்பாளர் ஒரு சிறு சங்கதியை டெனரில் வாசித்துக் காட்டினார். யார் முன்னாலும் சுரம் எழுதிய தாள் இல்லை. பள்ளிச் சீருடையை மாற்றாமலே வந்திருந்த ஒரு பெண், வங்கி ஊழியர் போலச் சட்டையை உள்ளே விட்டிருந்த ஒருவர், அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, மூன்று பேரும் அடுத்தடுத்து நின்று அதைத் திருப்பி வாசித்தார்கள். முதலில் மெதுவாக. தப்பு வந்தால் அதே இடத்தில் நிறுத்தி, மறுபடியும். கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ரப்பர் முனை கட்டிய குச்சிகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தை எட்டியபோது பின்வரிசை பேஸும் சேர்ந்துகொண்டது. காலடியில் சிமெண்டுத் தரை அதிர்ந்தது. பக்கத்தில் நின்றவரோடு பேச வேண்டுமானால் காதில் வாய் வைத்துத்தான் பேச முடிந்தது. சனிக்கிழமை இரவு குயின்ஸ் பார்க் சவானா மைதானத்தில் நடக்கும் பனோரமா இறுதிப் போட்டியில் ஒரு பெரிய குழுவுக்குக் கிடைப்பது எட்டு நிமிடம். 120 பேர் வரை நின்று வாசிக்கலாம். 1963 முதல் நடந்துவரும் அந்தப் போட்டிக்கு டிக்கெட் வாங்குங்கள், அவசியம் போங்கள். ஆனால் எட்டு நிமிடத்துக்குள் என்னென்ன இரவுகள் இருக்கின்றன என்பதைப் பேன்யார்டில்தான் பார்க்க முடியும்.

சவானாவைப் பற்றி இன்னொரு வார்த்தை. அதற்குச் சற்றுத் தொலைவில் இருக்கும் குயின்ஸ் பார்க் ஓவல், கிரிக்கெட் பிரியர்களுக்கு மனப்பாடமான பெயர். 1971 மார்ச்சில் மேற்கிந்தியத் தீவுகளை இந்தியா முதன்முதலாக டெஸ்டில் வென்றது அங்கேதான். சுனில் கவாஸ்கருக்கு அது முதல் டெஸ்ட். நம் வெங்கட்ராகவன் இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார். தோற்ற நாட்டுப் பாடகர் லார்டு ரிலேட்டர், வென்ற கவாஸ்கரைப் புகழ்ந்து ஒரு கலிப்சோ பாடினார். கார்னிவலை வளர்த்த மனம் அது.

பழைய வேஷங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது. என் மனதுக்கு நெருக்கமான சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

மோக்கோ ஜம்பி வானளாவிய கட்டைக்கால்களில் நடந்துவரும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலை நடந்தே கடந்து வந்த காவல் தெய்வம் என்பது நம்பிக்கை. இந்தக் கலை அருகி வந்த காலத்தில் கொக்கோரீட் என்ற பகுதியில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கி, தெருவில் திரிந்த பிள்ளைகளைக் கட்டைக்காலில் ஏற்றிவிட்டார்கள். இன்று நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள்கூட நடக்கிறார்கள்.

டேம் லொரேன், பிரெஞ்சு முதலாளியம்மாவின் நடையுடையை நையாண்டி செய்யும் வேஷம். முன்னும் பின்னும் பெரிதாகத் திணித்துக்கொண்டு விசிறியோடு வருவாள். பியரோ கிரெனேட் கந்தல் துணிகளைத் தைத்து உடுத்திய மேதாவி. எவ்வளவு நீளமான சொல்லைக் கொடுத்தாலும் எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கதை கட்டி, கடைசியில் ஊர் வம்பு அத்தனையையும் சொல்லி முடிப்பான். புரோக்கீட் என்பது இடுப்பில் கழுதை உருவத்தைக் கட்டிக்கொண்டு ஆடுவது. அதிலேயே இந்தியர்கள் கொண்டுபோன குதிரையாட்டமும் உண்டு, சூமாரி என்கிறார்கள். பொய்க்கால் குதிரை பார்த்து வளர்ந்த நமக்கு அதைக் கண்டால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருக்கும்.

மிட்நைட் ராபர் எல்லாருக்கும் பிடித்த வேஷம். குடை அகலத்துக்குத் தொப்பி, அதன் விளிம்பெல்லாம் குஞ்சம், தரையைத் தொடும் மேலங்கி, வாயில் விசில், சிலர் கையில் சவப்பெட்டி வடிவத்தில் ஓர் உண்டியல். உங்களை வழிமறித்து நிறுத்திவிட்டுத் தான் பிறந்தபோது சூரியன் இருண்டதையும், தன் பாட்டன் ஊர்களை விழுங்கியதையும் அடுக்குமொழியில் முழங்குவான். முழக்கம் முடிந்ததும் காசு கொடுத்துத்தான் விடுபட வேண்டும். குறுக்கே பேசாமல், படமெடுக்கும் கருவியைக் கீழே வைத்துவிட்டு, முழுவதும் கேளுங்கள். சொல்லாலேயே மனிதனைக் கட்டிப்போடும் இந்தக் கலையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். பழைய வேஷங்களை ஒரே இடத்தில் பார்க்க, மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் கலைத்துறை கார்னிவல் பருவத்தில் நடத்தும் ஓல்ட் யார்டு நிகழ்ச்சி நல்ல வாய்ப்பு. அந்த ஆண்டின் தேதியை முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொண்டு பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் எழுந்துவிட வேண்டும். கிழக்கு போர்ட் ஆஃப் ஸ்பெயினின் பிக்கடிலி கிரீன்ஸில் 1881 கலவரத்தை நாடகமாக நடிக்கிறார்கள். கவிஞர் ஐன்டூ பேர்ல் ஸ்பிரிங்கர் எழுதியது. மேடையைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். கம்பு மோதும் சத்தத்தில் தூக்கம் பறந்துவிடும்.

கார்னிவல் பிறப்பது திங்கள் அதிகாலை நான்கு மணிக்கு. ஜூவே என்று பெயர். சேறு, எண்ணெய், சாயம், கொக்கோ என்று எதையாவது பூசிக்கொண்டு இருட்டில் ஆடிக்கொண்டே நடந்து, சூரியன் உதிக்கும்போது ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் நிற்பார்கள். பணக்காரர் யார், ஏழை யார் என்று சொல்ல முடியாது. தூக்கிப்போடக்கூடிய பழைய உடையும் கட்டுச்செருப்பும் போதும். தனியாகப் போகாமல், பதிவு செய்த ஒரு ஜூவே குழுவோடு சேர்ந்து போங்கள். கட்டணமும் பெரிதாக இருக்காது.

அன்று பகலில் தூங்கி எழுந்து சாயங்காலம் பாரமின் கிராமத்துக்கு ஏறுங்கள். தலைநகருக்கு வடக்கே, ஜீப் மூச்சுவாங்கி ஏறும் மலை. தைம், வெங்காயத்தாள் போன்ற மசாலாத் தழைகளைப் பயிரிட்டுப் பிழைக்கும் ஊர். இருட்டத் தொடங்கியதும் நீலப் பேய்கள் இறங்கும். முன்பெல்லாம் துணிக்குப் போடும் நீலத்தை வாஸ்லினில் குழைத்துத்தான் உடம்பெல்லாம் பூசுவார்கள். வாயில் செஞ்சாயம் ஒழுக, பிஸ்கட் டின்னின் ஒரே தாளத்துக்கு வளைந்து நெளிந்து, சிலர் வாயிலிருந்து நெருப்பைக் கக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு சின்னப் பேய், எட்டு வயது இருக்கலாம், என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அலறியது. காசு கொடுத்ததும் கையை விட்டுவிட்டு, ஒரு கணம் வெட்கத்தோடு சிரித்து, மறுபடியும் பேயாகி ஓடியது. சில்லறை நோட்டுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேய்களின் மூத்த வடிவம் ஜாப் மொலாசி. வெல்லப்பாகைப் பூசிக்கொண்டு, கொம்பும் சங்கிலியுமாக வருவது. சர்க்கரை ஆலையில் கொதிக்கும் பாகில் விழுந்து செத்த அடிமையின் ஆவி அது என்று சொல்வார்கள். நம் இலைக்கு இனிப்பு வந்த கதையில் இந்த ஆவிக்கும் ஓர் இடம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமைதான் நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்த கார்னிவல்: இறகும் மணியும் கண்ணைப் பறிக்கும் வண்ணமும். ஒரு பெரிய குழுவில் சேர்ந்து ஆட உடைக்கு மட்டும் பல நூறு அமெரிக்க டாலர் ஆகும். முன்வரிசை உடை ஆயிரத்தையும் தாண்டும். முந்தைய ஆண்டு ஜூலை, ஆகஸ்டிலிருந்தே பதிவு தொடங்கிவிடும். இந்த இறகுக் கார்னிவலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆடுகிறவர்களில் பெரும்பகுதி பெண்கள். எல்லா வயதிலும், எல்லா உடல்வாகிலும், யாருக்கும் கூசாமல் அவர்கள் தெருவை நிறைப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் அந்த உடைகளின் பாகங்களில் நிறைய இப்போது சீனாவிலிருந்து வருகின்றன. உள்ளூரில் கம்பி வளைக்கிறவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. கதை சொல்லும் வேஷத்தைப் பெரும் கலையாக்கிய பீட்டர் மின்ஷால் போன்றவர்களின் வழி இன்று சிறு குழுக்களிடம்தான் உயிரோடு இருக்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு அழைக்கப்பட்டவர் அவர். ஆட ஆசைப்பட்டால் அப்படிப்பட்ட ஒரு சிறு குழுவில் சேருங்கள். செலவும் குறையும், உங்கள் வேஷத்தின் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு சவானாவில் இருக்கைகள் உண்டு. இசை வண்டிகள் அருகே வரும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்ளத் தயங்காதீர்கள்.

இந்தியர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். 1845 மே 30-ஆம் தேதி ஃபட்டேல் ரசாக் என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு அங்கே போய்ச் சேர்ந்தது. 1917 வரை சுமார் 1,44,000 பேர் போனார்கள். கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்களே மிகுதி. சென்னையில் ஏறியவர்களும் உண்டு. காளியம்மன் வழிபாட்டையும் தப்பையும் தீமிதியையும் கொண்டுபோனவர்கள் இவர்கள்தான். கேன்புலே கலவரத்துக்கு மூன்று ஆண்டு கழித்து, 1884-இல், சான் பெர்னாண்டோவில் இந்தியர்களின் ஹோசே என்ற முஹர்ரம் ஊர்வலத்தின் மீது அதே அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் இறந்தார்கள். ஆப்பிரிக்கர்களும் இந்தியர்களும் ஒரே ஆட்சியிடம் ஒரே காரணத்துக்காக அடிபட்டிருக்கிறார்கள்.

இசையில் அவர்கள் கலந்தது அதற்கு வெகுநாள் கழித்து. இந்தியர்கள் நிறைந்த லெங்குவா கிராமத்தில் வளர்ந்த லார்டு ஷார்ட்டி என்ற ஆப்பிரிக்க வம்சாவளிக் கலைஞர், 1970-களின் தொடக்கத்தில் கலிப்சோவோடு டோலக், தண்டால் தாளங்களைச் சேர்த்து சோக்காவை உருவாக்கினார். இந்திய வம்சாவளியான ஜித் சமரு, ரெனிகேட்ஸ் குழுவுக்கு ஒன்பது முறை பனோரமா பட்டம் வாங்கிக் கொடுத்தார். 1987-இல் துருபதி ராம்கூனாய் என்ற பெண் சட்னி சோக்கா என்ற கலப்பிசையைப் பாடி மேடையேறினார். தன் சமூகத்திலேயே பலர் முகம் சுளித்ததைத் தாண்டிப் பாடினார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஏராளம்.

சாப்பாட்டுக் கவலை சைவர்களுக்கும் வேண்டாம். தெருவுக்குத் தெரு டபுள்ஸ் கிடைக்கும். 'பாரா' என்ற இரண்டு மெல்லிய ரொட்டிகளுக்கு நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு, புளிச் சட்னி, வெள்ளரி. காரம் கொஞ்சமாக என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஊர் மிளகாய் நம் நாக்கையும் திணறடிக்கும்.

சில எச்சரிக்கைகள். ராணுவ உடை போன்ற வடிவம் அச்சடித்த துணி எதையும் எடுத்துப் போகாதீர்கள். அங்கே அது சட்டப்படி குற்றம். குற்றச் செயல்கள் உள்ள நகரம்தான். இரவில் கூட்டமாக, தெரிந்த வண்டியில் போங்கள். எந்தப் பகுதிக்கு எப்போது போகலாம் என்பதை விடுதிக்காரரிடம் கேட்டு அதன்படி நடங்கள். கிளம்பும் முன் பயண அறிவுரைகளைப் படியுங்கள். பெண்கள் தனியாகப் போகிறார்கள், நன்றாகவே திரும்பி வருகிறார்கள். இருந்தாலும் ஜூவே இரவில் துணை அவசியம். பிப்ரவரி அங்கே மழையில்லாத பருவம். வெயில் நம் வெயில் மாதிரிதான், ஆனால் நாள் முழுக்கத் தெருவில் நிற்க வேண்டியிருக்கும்.

பிப்ரவரி ஒத்துவராதவர்களுக்கு ஆகஸ்டில் கிரெனடா இருக்கிறது; கறுப்பெண்ணெய் பூசிய ஜாப் ஜாப் கூட்டத்தைப் பார்க்க அதைவிடப் பொருத்தமான இடமில்லை. கூட்டத்துக்கு அஞ்சுகிறவர்கள் டொமினிக்காவை யோசிக்கலாம். சின்னத் தீவு, பழைய முறை.

திரும்பும் டிக்கெட்டை புதன்கிழமைக்குப் போடாதீர்கள். திருநீற்றுப் புதனன்று ஊரே மரக்காஸ் கடற்கரைக்குப் போகும், நீங்களும் போங்கள். வியாழக்கிழமை வாட்டர்லூவில் இருக்கும் கடல் கோயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள். சிவதாஸ் சாது என்ற கரும்புத் தோட்டத் தொழிலாளி நிலத்தில் கட்டிய கோயிலைச் சர்க்கரை நிறுவனத்தின் இடம் என்று இடித்து, அவரைச் சிறையிலும் போட்டார்கள். வெளியே வந்தவர், கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று சைக்கிளில் கல் சுமந்து கொட்டிக் கடலுக்குள்ளேயே கோயில் கட்டினார். நீலப் பேயையும் மிட்நைட் ராபரையும் பார்த்த கண்ணோடு அங்கே போய் நின்றால், அந்தத் தீவின் மனிதர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்வீர்கள்.

கிளம்ப முடிவு செய்தவர்கள் எழுதுங்கள். எத்தனை பேர், என்ன வயது, எவ்வளவு தூரம் நடக்க முடியும், சைவமா அசைவமா என்று குறிப்பிட்டால், அதற்கேற்ற நாள்வாரித் திட்டம் ஒன்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். ஆசிரியை அம்மாவுக்கு என் தனிப் பதில் கடிதம் தபாலில் வந்துகொண்டிருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்